செடி வளர்ப்பின் வரலாறும் 'வேர்' பற்றிய எமது கதையாடலும்

லண்டனில் எம்மவர் வீடுகள் பலவற்றில் சமையலறை யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கும். யாரோ ஒருவர் கன்றாகக் கொடுத்ததாக இருக்கும்; அல்லது ஈஸ்ற்ஹாமிலோ ரூட்டிங்கிலோ ஒரு கடையில் வாங்கியதாக இருக்கும். கோடையில் தளிர்விட்டு மனதைக் குளிர்விக்கும். நவம்பர் பிறந்ததும் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கொட்டத் தொடங்கும். தை மாதத்தில் சாடியில் குச்சி மட்டும் மிஞ்சும். இதற்கு வீட்டுக்காரர் சொல்லும் காரணம் அநேகமாக எல்லா வீடுகளிலும் ஒன்றுதான்: "இந்த மண் அதுக்கு ஒத்துவராது. எங்கட மண்ணில நிக்கவேண்டிய மரம்."

இந்த வசனம் செடியைப் பற்றியதாக மட்டும் இருந்திருந்தால் அதுபற்றி எழுதவேண்டிய தேவை இல்லை. எமது கவிதைகளில், கூட்டங்களில், பிள்ளைகளைப் பற்றிய கவலைகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதே வசனந்தான். நாம் வேரோடு பிடுங்கப்பட்டவர்கள். எமது பிள்ளைகள் வேரற்றவர்கள். அந்நிய மண்ணில் எதுவும் தழைக்காது. செடியிலிருந்து எடுத்த உருவகத்தை மனிதருக்குப் பொருத்தி, அதையே வாதமாகவும் நிறுவலாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் செடி உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம் ஒருபோதும் விசாரிப்பதில்லை.

அதை விசாரிப்பதற்கு லண்டனைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. அந்நியச் செடிகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்ற கேள்வியோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிய நகரம் இது. அந்தப் போராட்டத்தின் கதை இலங்கையின் மலையகத்திலும் மலாயாவின் இறப்பர்க் காடுகளிலும் சென்று முடிகிறது. அது எமது வரலாறும்கூட.

1. பார்க்கக் கற்றுக்கொண்ட நகரம்

1673இல் லண்டன் மருந்துக் கலவையாளர் சங்கத்தினர் தேம்ஸ் நதிக்கரையில் செல்சீயில் ஒரு மூலிகைத் தோட்டத்தை நிறுவினர். நதியோரமென்பதால் காற்று சற்று இதமானது. படகில் செடிகளைக் கொண்டுவரவும் வசதி. 1722இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற பிலிப் மில்லர், ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அங்கேயே உழைத்தார். 1731இல் வெளிவந்த அவரது 'தோட்டக்காரர் அகராதி' அவர் வாழ்நாளிலேயே எட்டுப் பதிப்புகளைக் கண்டது. வெப்பநாட்டுச் செடிகளை வைப்பதற்கு, தோல் பதனிடுவோர் கழித்துவிட்ட மரப்பட்டைத் தூளைக் குழிகளில் நிரப்பினார்கள். அது புளித்து உக்கும்போது மாதக்கணக்கில் மெல்லிய சூட்டை வெளிவிடும். அந்தச் சூட்டில் சாடிகளைப் புதைத்து அன்னாசியைக்கூட இங்கிலாந்தில் பழுக்கவைத்தனர்.

இங்கு கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. அன்னாசிக்குத் தேவைப்பட்டது அமெரிக்க மண் அல்ல. வேர்ப்பகுதியில் சூடும் இலைப்பகுதியில் வெளிச்சமும் அளவான நீரும். 'மண்' என்று நாம் பொதுப்படையாகச் சொல்லும் ஒன்றைத் தோட்டக்காரர்கள் சூடு, வெளிச்சம், காற்று, ஈரம், உரம், வடிகால் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகினர். பராமரிப்பு என்ற அறிவு அந்தப் பிரித்தறிதலில்தான் தொடங்குகிறது.

ஆனாலும் தூரதேசத்துச் செடிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. கப்பற் தளத்தில் உப்புத்தூறல் இலைகளைக் கருக்கும். நல்ல தண்ணீர் மாலுமிகளுக்கே போதாது. தளத்துக்குக் கீழே வைத்தால் வெளிச்சமில்லை. சீனாவிலிருந்து அனுப்பப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் இங்கிலாந்தை உயிரோடு அடைகிறது என்று 1819இல் மக்காவோவிலிருந்து ஜோன் லிவிங்ஸ்ரன் என்ற மருத்துவர் எழுதினார்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கிழக்கு லண்டனில், துறைமுகத்துக்கு அருகே வெல்குளோஸ் சதுக்கத்தில் வாழ்ந்த நதானியல் பாக்ஷோ வார்ட். அவரும் ஒரு மருத்துவர். பன்னச் செடிகளில் தீராத ஆசை கொண்டவர். வீட்டின் பின்வளவில் அவர் வளர்த்த பன்னங்கள் சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் புகையால் ஒவ்வொன்றாக மடிந்தன. 1829இல் ஒரு கூட்டுப்புழு அந்துப்பூச்சியாவதைப் பார்ப்பதற்காக, ஈரமண் இட்ட ஒரு கண்ணாடிப் போத்தலில் அதை வைத்து மூடினார். சில நாட்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே வழிந்தது. தண்ணீர் ஊற்றாமலே அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தன.

1833இல் செடிகள் நிரப்பிய இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் சிட்னிக்கு அனுப்பப்பட்டன. செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் நிரப்பப்பட்டு, ஹோர்ன் முனையைச் சுற்றி எட்டு மாதக் கடற்பயணத்தின் பின் லண்டனுக்கு உயிரோடு வந்தன. 1842இல் வார்ட் இதனை நூலாக எழுதினார். நகரத்து ஏழைகளுக்கு வெளிச்சமும் தூய காற்றும் மறுக்கப்படுவதைப் பற்றியும் அவர் அந்நூலில் அக்கறையோடு பேசினார். செடியை வாடவைத்த புகைதான் மனிதரையும் வாடவைத்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பெட்டியை மட்டுமே.

2. எண்ணப்பட்ட கன்றுகள்

அந்தப் பெட்டி, பேரரசின் பொருளாதாரத்தையே மாற்றியமைத்த கருவிகளில் ஒன்றாயிற்று. செல்சீத் தோட்டத்தில் பொறுப்பாளராக இருந்த ரொபேட் போர்ச்சூன் 1848இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனா சென்று, ஏறத்தாழ இருபதாயிரம் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்கு அனுப்பியது இவ்வகைப் பெட்டிகளில்தான். கொய்னா தரும் சின்கோனா மரம் அந்தீஸ் மலைகளிலிருந்து வெளியேறி, 1861இல் நுவரெலியாவுக்கு அருகே அதற்கென ஹக்கலத் தோட்டம் அமைக்கப்பட்டபோதும் இதே தொழில்நுட்பம் துணைநின்றது. இவற்றுக்கெல்லாம் நடுவண் நிலையமாக விளங்கியது லண்டனின் தென்மேற்கே உள்ள கியூ தாவரவியற் பூங்கா. 1821இல் நிறுவப்பட்ட எமது பேராதனைப் பூங்கா அதன் முக்கியமான கிளைகளில் ஒன்றைப்போல் இயங்கியது.

இவ்வகையில் மிகவும் நுணுக்கமாகப் பதிவாகியிருப்பது இறப்பரின் கதை. 1876 யூன் மாத நடுப்பகுதியில் ஹென்றி விக்கம் என்பவர் அமேசனிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் கியூவை வந்தடைந்தன. எண்ணெய்ப் பற்றுள்ள அவ்விதைகள் விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். எனவே வேறு செடிகளை அகற்றிக் கண்ணாடி வீடுகளில் இடம் ஒதுக்கி உடனடியாக விதைத்தார்கள். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. நூற்றுக்கு நான்கு வீதம்கூட இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் 1,919 கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, கூடவே ஒரு தோட்டக்காரரின் பாதுகாப்பில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டன. பத்தில் ஒன்பது பங்கு உயிரோடு வந்து சேர்ந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் அவற்றுக்கென்றே ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. மலாயாவின் இறப்பர்ச் செல்வம் இவ்வாறுதான் தொடங்கியது.

ஒரு கன்றுகூடக் கணக்கிலிருந்து தவறவில்லை. எத்தனை விதை, எத்தனை முளை, எத்தனை பெட்டி, வழியில் எத்தனை மடிந்தன என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டன.

இப்போது அதே ஆண்டை மறுகரையிலிருந்து பார்ப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஓர் இறாத்தல் தானியம் போதுமென்று 1877இல் சேர் றிச்சட் ரெம்பிள் விதித்தார். பட்டினியிலிருந்து தப்பியோடியவர்களில் பெருந்தொகையானோர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் காட்டுவழியே கால்நடையாக நடந்தனர். அந்தப் பாதையில் கொலராவும் காய்ச்சலும் பசியும் அரை நூற்றாண்டாகவே ஆட்களைத் தின்றுகொண்டிருந்தன. 1841 முதல் வந்தவர்களில் 70,000 பேர் வரை மாண்டிருக்கலாமென்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை கணித்தது. அது மிகைக் கணக்கு என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். ஆனால் இந்த விவாதம் ஏன் நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கன்றுகளைப் பற்றி இவ்வாறு ஒரு விவாதம் நடக்கமுடியாது. அவை எண்ணப்பட்டன. மனிதர் முறையாக எண்ணப்படவில்லை.

செடிக்கு என்ன வேண்டுமென்பது தெரியாமல் போனதால் ஏற்பட்ட அவலமல்ல இது. இடமாற்றப்படும் ஓர் உயிருக்கு நீரும் நிழலும் ஓய்வும் துணையும் வேண்டுமென்ற அறிவு அன்றைய ஆட்சியாளரிடம் தாராளமாகவே இருந்தது. யாருக்கு அந்த அறிவைப் பிரயோகிப்பது என்பதில்தான் பிரச்சினை இருந்தது.

3. உரத்தால் தீராத நோய்

பராமரிப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தமது தோட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை உடைந்த இடமும் மலையகந்தான்.

1869இல் மடுல்சீமப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண அறிஞர் மைல்ஸ் பேர்க்லி அதனை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் லண்டனின் 'தோட்டக்காரர் குறோனிக்கிள்' வார இதழில் ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார். பெயரின் பின்பாதி 'பாழ்படுத்துவது' என்று பொருள்படும். பெயர் பலித்தது.

தோட்டத்துரைமார் இதனைப் பராமரிப்புக் குறைபாடாகவே நெடுங்காலம் கருதினர். மண் சத்திழந்துவிட்டது என்றனர், உரத்தைக் கூட்டினர். பருவநிலை சரியில்லை என்றனர். கிளைகளைக் கழித்தனர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். நன்றாக உரமிட்ட மரம் ஓரிரு பருவங்கள் மேலும் தாக்குப்பிடிக்கும்; பின்னர் அதுவும் இலையுதிர்த்து நிற்கும். இவ்வளவுக்கும் இடையே கோப்பிச் செய்கை விரிந்துகொண்டே போய், 1870களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியது.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இருபத்தாறு வயது இளைஞர் இந்நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கண்ணாடிப் பெட்டி வார்டுக்கும் இவருக்கும் பெயரொற்றுமை மட்டுமே. அவர் இரண்டு ஆண்டுகள் தங்கி, காற்றில் பறக்கும் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து ஆராய்ந்தார். ஒரு வித்தி இலையின் அடிப்புறத்து ஈரத்தில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைந்து, சில வாரங்களில் ஆயிரக்கணக்கான புதிய வித்திகளை வெளிவிடுவதைப் படிப்படியாக நிறுவினார். நோய்க்குக் காரணம் மண்ணும் அல்ல, பருவமும் அல்ல. மரம் வலுவிழப்பது நோயின் விளைவே தவிரக் காரணமல்ல. மலைக்கு மலை காட்டை வெட்டி இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதால், காற்று அள்ளிச்செல்லும் ஒவ்வொரு வித்திக்கும் இறங்குவதற்கு ஓர் இலை காத்திருந்தது. தன் தோட்டத்தை எவ்வளவு கண்ணுங் கருத்துமாகப் பார்த்தவரும் பக்கத்து மலையிலிருந்து வரும் காற்றை மறிக்கமுடியாது.

மார்ஷல் வார்டின் ஆய்வு கோப்பியைக் காப்பாற்றவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்கள் கைவிடப்பட்டன. தொழிலாளருக்கு நிலுவைச் சம்பளம்கூடக் கிடைக்காமற் போயிற்று. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை, அழிந்த கோப்பியின் இடத்தை நிரப்பியது. கோப்பி பருவத்துக்குத்தான் ஆட்களைக் கேட்டது; தேயிலையோ ஆண்டு முழுவதும் கேட்டது. வந்து திரும்பிக்கொண்டிருந்த மக்கள் லயன் அறைகளில் நிரந்தரமாயினர்.

இந்த இரண்டு பயிர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'சொந்த மண்' பற்றிய எமது உருவகம் நிலைதடுமாறுகிறது. இறப்பர் மரம் தன் பிறந்தகமான அமேசனில் தோட்டப்பயிராக ஒருபோதும் செழிக்கவில்லை. 1928இல் ஹென்றி போர்ட் அங்கே உருவாக்கிய பெரும் இறப்பர்த் தோட்டம் இலைக்கருகல் நோயால் நாசமாயிற்று. அந்நோய்க்கான பூஞ்சணமும் அதே மண்ணின் பிள்ளை. காட்டில் மரங்கள் தூரத் தூர நின்றவரை அது அடங்கியிருந்தது. நெருக்கி நட்டபோது எழுந்தது. அந்தப் பூஞ்சணம் கூடவராததால்தான் இறப்பர் இலங்கையிலும் மலாயாவிலும் தழைத்தது. கோப்பியோ ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் பழைய ஊர் நோய் பின்னாலேயே தேடிவந்து அதை அழித்தது. ஆகவே சொந்த மண்ணில் நிற்பது நலத்துக்கு உத்தரவாதமும் அல்ல. பெயர்ந்து நிற்பது அழிவுக்குக் காரணமும் அல்ல. எந்த ஏற்பாட்டில் நிற்கிறது, யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவையே தீர்மானிக்கின்றன.

4. வேரைக் கேட்ட சட்டம்

'வேர்' என்ற உருவகம் கவிதையில் மட்டும் வாழும் அப்பாவிச் சொல் அல்ல என்பதையும் நாம் நினைவுகொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் கேட்டது என்ன? தந்தை இங்கே பிறந்தாரா, இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்பதற்கு அத்தாட்சி. அதாவது, வேரைத் தோண்டிக் காட்டு என்றது. தேயிலை சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த செடி. அதற்குச் 'சிலோன் ரீ' என்று உலகறிந்த பெயர் கிடைத்தது; ஒருவரும் அதன் பாட்டன் பெயரைக் கேட்கவில்லை. அந்தச் செடியைத் தலைமுறை தலைமுறையாக நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்து வளர்த்தவர்கள் அந்நியர் ஆக்கப்பட்டனர். 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்துக்கு யாழ்ப்பாணத் தமிழ்த் தலைமையின் ஒரு பகுதி ஆதரவு கொடுத்ததும், அதை எதிர்த்தவர்கள் பிரிந்து அதே ஆண்டின் இறுதியில் தமிழரசுக் கட்சியை அமைத்ததும் நாம் அறிந்ததே. வேரின் பெயரால் ஒரு மக்கட் கூட்டத்தை விலக்கிவைத்த காரியத்தில் எமக்கும் பங்குண்டு.

யாழ்ப்பாணத் தோட்டக்காரனின் பராமரிப்புத் திறனைப் பற்றி எமக்கு நியாயமான பெருமை உண்டு. ஆறில்லாத நாட்டில் கிணற்றை வெட்டி, துலாவில் இறைத்து, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டி, பூவரசங் குழையைத் தாட்டு, ஆட்டுப்பட்டி அடைத்து, கல்லும் மண்ணுமான நிலத்தைப் பொன் விளையும் தறையாக்கிய உழைப்பு அது. புகையிலைக் கன்றை நட்ட நாளில் வெயில் படாமல் மூடிவிடுவதும், பின்னர் ஒவ்வொரு கன்றாகப் பார்த்துப் பூச்சி பொறுக்குவதும், தலைப்பை முறித்துக் கெட்டுக் கிள்ளுவதும் பிள்ளை வளர்ப்புக்கு ஒப்பானவை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் துலாவை மிதித்தவர்கள், அந்தத் தறையைக் கொத்தியவர்கள் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தாம் இறைத்த கிணற்றில் தாமே அள்ளிக் குடிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. புகையிலைக் கன்றுக்குத் தாராளமாகப் பாய்ந்த தண்ணீர், அதைப் பாய்ச்சியவருக்கு மேலிருந்து கையில் வார்க்கப்பட்டது. கியூவின் கணக்கேட்டைக் குற்றம் சொல்லும் நாம் எமது கிணற்றுக் கட்டையும் பார்த்தாக வேண்டும்.

5. லண்டனில் ஒரு சாடி

இனி, ஆரம்பத்தில் விட்ட கறிவேப்பிலைக்கு வருவோம்.

லண்டன் வீட்டில் அது ஏன் வாடுகிறது? முதற் காரணம், தண்ணீர் குறைவல்ல, கூடுதல். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்ததும் செடி ஏறத்தாழ உறங்கத் தொடங்குகிறது. நீரை உறிஞ்சுவதும் குறைகிறது. கோடையில் ஊற்றிய அளவையே அன்பின் மிகுதியால் தொடர்ந்து ஊற்றினால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை எடுக்கமுடியாது, இலை வாடும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவோம். நவம்பர் முதல் மாசி வரை, மேல்மண் நன்றாகக் காய்ந்தபின், அதுவும் அளவோடு ஊற்றினால் போதும். சாடியின் அடியில் துளை இருக்கவேண்டும். கீழ்த்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. நாளடைவில் சாடிமண் காரமாகி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாமற் போகும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் உள்ள இலை இதன் அடையாளம். மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதும் இரண்டொரு வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றுவதும் இதற்குப் பரிகாரம். மூன்றாவது, ஹீற்றருக்கு மேலே இருக்கும் யன்னற்படி. அந்த வறண்ட சூட்டில் செஞ்சிலந்திப் பேன் பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய வலை தெரியும். செடியைத் தள்ளிவைத்து, இலைகளை அடிப்பக்கமாகக் கழுவிவிட வேண்டும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எந்த மருந்தையும்விடப் பெரியது. மார்ஷல் வார்ட் மலையகத்தில் செய்ததும் இலையைத் திருப்பிப் பார்த்ததுதான்.

இந்த நாட்டில் தோட்டநிலம் பெறுவதும் ஒரு வரலாற்றின் விளைவே. 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகள் தேவைப்படும் மக்களுக்கு அலொட்மென்ற் துண்டுநிலங்களை வழங்கவேண்டுமென்று கடமை விதித்தது. ஒரு முழுத்துண்டு வழக்கமாக 10 றொட், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நகரப் பூங்காக்கள்கூட மரக்கறித் தோட்டங்களாயின. இன்று லண்டனின் பல பகுதிகளில் இதற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. எனினும் எம்மவரில் பலர் இத்துண்டுகளில் முளைக்கீரையும் பயற்றையும் பூசணியும் மிளகாயும் பயிரிடுவதைக் கோடையில் காணலாம். அவர்களிடம் கேட்டால் மண் ஒத்துவராது என்று சொல்லமாட்டார்கள். மாசியில் வீட்டினுள்ளே நாற்றுப் போடவேண்டும் என்பார்கள். வைகாசி நடுப்பகுதிவரை உறைபனிக்குப் பயப்பட வேண்டும் என்பார்கள். உள்ளே வளர்ந்த நாற்றை நேரே வெளியில் நட்டால் சாகும், ஒரு கிழமை பத்து நாள் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துக் குளிருக்கும் காற்றுக்கும் பழக்கித்தான் நடவேண்டும் என்பார்கள். களிமண் நிலத்துக்கு உக்கிய எரு எவ்வளவு போட்டாலும் தகும் என்பார்கள். இது மில்லரின் அகராதியும் யாழ்ப்பாணத்துக் குழைதாட்டலும் சந்திக்கும் இடம்.

லண்டன் மண்ணின் மரங்களே லண்டனில் எப்போதும் நன்றாக இருந்தன என்றும் எண்ணவேண்டாம். புகையால் கியூவின் ஊசியிலை மரங்கள் நலிந்தபோது, 1925இல் அவற்றுக்காகக் கென்ற் மாவட்டத்தில் பெட்ஜ்பரியில் தனித்தோட்டம் அமைக்கவேண்டி வந்தது. உலகின் மிகத் தேர்ந்த தோட்டக்காரர்களாலும் நகரத்துக் காற்றைச் சாடியில் திருத்தமுடியவில்லை. 1952இன் புகைமூட்டம் ஆயிரக்கணக்கான மனிதரைக் கொன்ற பின்னர், 1956இல் தூயகாற்றுச் சட்டம் வந்தது. செடிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்த வார்ட் காலத்திலிருந்து, புகையையே கட்டுப்படுத்தும் சட்டம் வரை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து எமக்குக் கிடைக்கும் பாடம் என்று நான் கருதுவது இதுதான். பெயர்த்து நடுவது செடிக்கு அதிர்ச்சியே, அதை மறுப்பதற்கில்லை. நாம் விரும்பிப் பெயர்ந்தவர்களும் அல்ல. எம்மைப் பெயர்த்த வன்முறையை எந்தத் தோட்டக்கலை நூலும் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் பெயர்க்கப்பட்டதோடு கதை முடிந்துவிட்டது என்ற வாதம், அதன்பின் செய்யவேண்டியவற்றிலிருந்து எம்மை விடுவித்துவிடுகிறது. பிள்ளை தமிழ் பேசவில்லை என்றால் 'வேரற்றுப் போனான்' என்று சொல்லிவிடலாம். அவனோடு வீட்டில் எவ்வளவு நேரம் பேசினோம், அவன் வயதுக்கு வாசிக்கத் தமிழில் என்ன கொடுத்தோம், சனிக்கிழமைப் பள்ளியில் அவனை என்ன படிப்பித்தோம் என்ற கேள்விகளைக் கேட்கவேண்டியதில்லை. இரண்டு வேலை செய்து பகலைக் காணாமல் வாழும் ஒருவர் மனமுடைந்தால் 'அந்நிய மண்' என்று சொல்லிவிடலாம். அவரது வேலைநேரத்தையும் வதிவிட விண்ணப்பத்தின் இழுபறியையும் தனிமையையும் பார்க்கவேண்டியதில்லை. சில பிரச்சினைகள் அளவுக்கு மீறி ஊற்றிய தண்ணீரால் வருபவை; வீட்டுக்குள்ளேயே திருத்தலாம். வேறு சில பக்கத்து மலையிலிருந்து வரும் காற்றைப் போன்றவை. கூடிநின்று சட்டத்தையும் சூழலையும் மாற்றினாலொழியத் தீரா. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் விவாதமாக வேண்டும். 'வேர்' என்ற ஒற்றைச் சொல் அந்த வேலையைச் செய்வதில்லை.

வருகிற தை மாதம் யன்னலோரத்துச் செடி இலை கொட்டினால், மண்ணைப் பழிக்குமுன் விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். குச்சியின் பட்டையை நகத்தால் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் எறிந்துவிட வேண்டாம், சித்திரையில் தளிர்க்கக்கூடும்.